செப்டம்பர் வாத்தியார்கள்

ஸ்பெயினில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையா என்றால், தேவைதான். மாட்ரிட்டில் எந்தப் பேட்டைக்குள் நுழைந்தாலும் ஒரு மருந்துக்கடை, ஒரு ரொட்டிக்கடை, அதற்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில அகாதெமி இருக்கும். கண்ணாடிக் கதவில் பிரிட்டிஷ் கொடி, சிவப்பு மாடி பஸ் படம், கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயார் செய்கிறோம் என்று ஒரு பலகை. ஆள் தேவை, ஆனால் யாரை எடுப்பார்கள், எந்த மாதத்தில் எடுப்பார்கள், வருஷத்தில் எத்தனை மாதம் சம்பளம் தருவார்கள் என்பதெல்லாம் தனிக் கணக்கு. அதைப் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை. திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் அவ்வப்போது யாராவது போன் செய்து, "அக்கா, அங்க இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். எம்.ஏ. ஆங்கில இலக்கியம், பி.எட். கணவருக்கு மாட்ரிட்டில் மென்பொருள் வேலை கிடைத்ததால் வந்து சேர்ந்தவள். இங்கே வந்தபின் மறுபடியும் மாணவியாகி, பயிற்சி எடுத்து, வேலை தேடி, இப்போது சில வருஷங்களாக அதில்தான் ஓடுகிறது.

முதலில், இந்த ஊருக்கு ஏன் இத்தனை அகாதெமி? பள்ளிக்கூடத்தில் அந்நிய மொழி என்றால் இங்கே ஒரு காலம்வரை பிரெஞ்சுதான். இப்போது எழுபதை நெருங்குபவர்களிடம் பேசிப் பாருங்கள், அரைகுறையாகவாவது பிரெஞ்சு வரும், ஆங்கிலம் வராது. சினிமாவும் கைகொடுக்கவில்லை. 1941இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு, வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிஷில் டப்பிங் செய்துதான் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. சில வருஷங்களில் உத்தரவு போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. பக்கத்திலிருக்கும் போர்ச்சுகலில் சப்டைட்டில் போட்டுப் பார்த்து வளர்ந்தவர்களின் காதுக்கும் இவர்கள் காதுக்கும் வித்தியாசம் அங்கேதான் வருகிறது என்று இவர்களே சொல்வார்கள்.

அப்புறம் அந்தக் கூச்சம். 2013 செப்டம்பரில் புவனஸ் அயர்ஸில், 2020 ஒலிம்பிக்ஸை மாட்ரிட்டுக்குக் கேட்டு அன்றைய மேயர் ஆனா போதெய்யா ஆங்கிலத்தில் பேசினார். நகர நடுவிலுள்ள பிளாசா மயோர் சதுக்கத்தில் 'ரிலாக்ஸிங் கப் ஆஃப் கஃபே கோன் லெச்சே' குடிக்கலாம் வாருங்கள் என்றார்; பால் காபிக்கான ஸ்பானிஷ் சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குள் போட்டுவிட்டார். நாடே அந்த வரியை வைத்துச் சிரித்தது. ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்குப் போனது. அந்த வரி டி-ஷர்ட்டில் ஏறி இன்னும் சுற்றுகிறது. என் வகுப்பில் யாராவது வாயைத் திறக்கத் தயங்கினால் பக்கத்தில் இருப்பவர் அந்த வரியை எடுத்துவிடுவார். ஊரே கேட்கும்படி ஆங்கிலம் பேசி அவமானப்பட்டுவிடுவோமோ என்ற பயம் இங்கே நிஜமானது.

பயத்தோடு தேவையும் சேர்ந்துகொண்டது. 2008 நெருக்கடிக்குப் பிறகு 2013இல் வேலையில்லாதோர் விகிதம் 26 சதவீதத்தைத் தாண்டியது. பட்டம் வைத்திருந்தவர்கள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பினார்கள். பல பல்கலைக்கழகங்களில் பி1 எனப்படும் இடைநிலை அளவு அந்நிய மொழிச் சான்றிதழ் இல்லாமல் பட்டமே கையில் வராது என்றார்கள். அதற்கு முன்பே 2004இல் மாட்ரிட் பிராந்தியம் அரசுப் பள்ளிகளில் இருமொழித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர அப்பா அம்மாவால் முடியவில்லை. சாயங்காலம் அகாதெமிக்கு அனுப்பினார்கள். நம்மூர் டியூஷன் எப்படி முளைத்ததோ, அதே கதை.

சரி, யாரை எடுப்பார்கள்? இங்கேதான் நிறையப் பேர் சான்றிதழில் ஆரம்பிக்கிறார்கள். சான்றிதழுக்கு முன்னால் வருவது காகிதம். ஸ்பெயினில் சட்டப்படி வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் அகாதெமி இயக்குநர் கேட்கும் முதல் கேள்வி. 2020 முடியும்வரை லண்டனிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கி மறுவாரம் வகுப்பெடுத்தார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஆங்கிலேயருக்கும் நமக்கும் ஒரே வரிசைதான். அதனால் இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்காரர்களுக்கு யோகம் அடித்தது.

அகாதெமியே விசா எடுத்துத் தருமா என்று கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுக்க வேண்டுமென்றால், அந்த வேலைக்கு உள்ளூரில் ஆளில்லை என்று காட்ட வேண்டும். ஆள் கிடைக்காத தொழில்களுக்கென்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெரும்பாலும் கப்பல் வேலைகள். கப்பல் சமையல்காரர் அதில் இருக்கிறார், விளையாட்டு வீரர் இருக்கிறார். ஆங்கில ஆசிரியர் இல்லை. பதினைந்து மாணவர் வகுப்பு வைத்து நடத்தும் ஒரு பேட்டை அகாதெமி உங்களுக்காக வக்கீல் வைத்து அலையப்போவதில்லை.

எனக்கு வழி திறந்தது கணவர் வேலையால். 2013ஆம் வருஷத்து 14ஆம் எண் சட்டத்தின்கீழ், உயர்தகுதி வேலைக்கு வருபவரின் துணைவருக்கும் வேலை செய்யும் உரிமையோடு வசிப்பு அட்டை கிடைக்கிறது. அது இல்லாதவர்களுக்கு இருக்கும் நேர்வழி படிப்பு. உயர்கல்விக்காக மாணவராக வருபவர்கள் வாரம் 30 மணி நேரம்வரை வேலை செய்யலாம். இன்னொரு வழி, அரசுப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் துணையாக நின்று பேச்சுப்பயிற்சி கொடுக்கும் ஆக்ஸிலியார் வேலை. மாட்ரிட்டில் வாரம் 16 மணி நேரத்துக்கு மாதம் 1,000 யூரோ உதவித்தொகை. அதில் எந்தெந்த நாட்டவரை எடுக்கிறார்கள் என்பதை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பயிற்சி. இங்கே மதிக்கப்படுவது இரண்டு சான்றிதழ்கள். ஒன்று கேம்பிரிட்ஜின் செல்டா, இன்னொன்று லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டீசால். இரண்டுமே முழுநேரமாகச் செய்தால் நாலைந்து வாரம், கட்டணம் 1,500 யூரோவுக்கு மேல். இணையத்தில் மலிவாக விற்கும் '120 மணி நேர டெஃபில்' சான்றிதழ்களில் நிஜ மாணவர் முன்னால் நின்று பாடம் எடுக்கும் பகுதி இல்லையென்றால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். செல்டாவிலும் 120 மணி நேரம்தான்; ஆனால் அதில் ஆறு மணி நேரம், பின்வரிசையில் ஒரு பயிற்றுநர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க, சக பயிற்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் பாடம் எடுத்தாக வேண்டும். நாலு எழுத்துப் பணிகள் வேறு.

இந்தப் பயிற்சியின் வேர் ஸ்பெயினிலேயே இருக்கிறது என்பது வந்தபிறகுதான் தெரிந்தது. ஜான் ஹேக்ராஃப்ட், பிரிட்டா ஹேக்ராஃப்ட் என்ற தம்பதி 1953இல் கோர்தோபாவில் ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பிற்பாடு இன்டர்நேஷனல் ஹவுஸ் ஆனது. 1962இல் லண்டனில் ஆசிரியர்களுக்காக ஒரு குறுகிய காலப் பயிற்சி வைத்தார்கள். இன்றைய செல்டா அதன் வழிவந்ததுதான்.

பி.எட். படித்தவளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நம்மூர் வகுப்பில் நாற்பத்தைந்து பேர். கரும்பலகையில் விதியை எழுதி, விளக்கி, உதாரணம் சொல்லி, நோட்டில் எழுதச் சொல்லி, மறுநாள் கேள்வி கேட்போம். ஆசிரியர் பேசுவது வேலை, பிள்ளை கேட்பது கடமை. இங்கே பயிற்றுநர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் எத்தனை நிமிஷம் பேசினார் என்று கணக்கெடுக்கிறார். நாற்பது நிமிஷப் பாடத்துக்கு நாலைந்து பக்கம் திட்டம்: எந்த நிமிஷத்தில் எது, மாணவர் எங்கே தடுக்குவார், தடுக்கினால் என்ன செய்வாய்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், இதுதான் எனக்கு அந்தப் பயிற்சியில் கிடைத்த ஆகப்பெரிய லாபம். 'புரிந்ததா?' என்று கேட்கக் கூடாது. 'ஹீ யூஸ்ட் டு ஸ்மோக்' என்ற வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று வையுங்கள். புரிந்ததா என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், திருச்சியானாலும் மாட்ரிட்டானாலும். அதற்குப் பதிலாக, 'இப்போது அவர் புகைக்கிறாரா?', 'முன்பு புகைத்தாரா?', 'ஒரே ஒரு தடவையா, வழக்கமாகவா?' என்று மூன்று குட்டிக் கேள்வி. பதிலில் தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எங்கள் பயிற்சி வகுப்புக்கு மாணவராக வருவார். இலவச வகுப்பு என்பதால் வருஷக்கணக்காக ஒவ்வொரு பயிற்சியாளர் குழுவிடமும் படித்து, எங்களைவிட அவருக்குப் பாடத்திட்டம் நன்றாகத் தெரியும். இந்தக் கேள்விகளைக் கேட்டதும் அவர் கையைத் தூக்கி, 'நான் இன்னும் புகைக்கிறேன், அப்படியென்றால் நான் எந்த வாக்கியம் சொல்வது?' என்றார். திட்டத்தில் அது இல்லை. ஆனால் மீதி வகுப்பு அந்தக் கேள்வியில்தான் ஓடியது, நன்றாகவே ஓடியது.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மாணவரின் தாய்மொழி வகுப்புக்குள் வரவே கூடாது என்பதுபோன்ற ஒரு காற்று அந்தப் பயிற்சியில் வீசும். ஒரு ஸ்பானிஷ் சொல்லில் முடிகிற விஷயத்துக்கு ஐந்து நிமிஷம் நடித்துக் காட்டுவது எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. ஸ்பானிஷ் தெரியாத ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்த காலத்தில் அமைந்த முறை அது, அவர்களுக்கு வசதி. நமக்கு ஏன்?

பயிற்சி முடித்ததும் ஆசிரியராக எனக்குக் கிடைத்த முதல் கூலி ஆங்கிலத்துக்கு இல்லை, தமிழுக்கு. டிரினிட்டி பயிற்சியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பயிற்சியாளர்கள் தங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு மொழியை நாலு மணி நேரம் கற்றுக்கொண்டு, மாணவராக இருப்பது எப்படியிருக்கிறது என்று நாட்குறிப்பு எழுத வேண்டும். வேறொரு பயிற்சி மையத்தில் அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தமிழ் என்றதும் குஷியாகிவிட்டார்கள். ஐரோப்பிய மொழி எதோடும் ஒட்டாத மொழி வேண்டுமாம்.

மாட்ரிட்டின் லவாபியேஸ் பேட்டையில் வங்காளதேசத்துக்காரர் கடையில் தேங்காய், மிளகாய், வாழைக்காய், எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஆங்கிலமும் ஸ்பானிஷும் வாயில் வரக் கூடாது. தேங்காயைத் தூக்கி, "இது என்ன? இது தேங்காய்." மிளகாய். வாழைக்காய். பத்துப் பேரும் திரும்பச் சொல்கிறார்கள். "இது தேங்காயா?" "இல்லை, இது மிளகாய்." கார்க் நகரத்து ஐரிஷ் இளைஞர் ஒருவர் புருவத்தைச் சுருக்கி மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலில் ஏதோ ஒன்றுபோல வருவதைப் பிடித்துவிட்டார். எலுமிச்சம்பழத்தை நான் தூக்கியதும் முந்திக்கொண்டு, "லெமன்காய்!" என்றார். வகுப்பே சிரித்தது. பழுத்திருந்ததால் பழம் என்று நான் திருத்த வேண்டிவந்தது; காய்க்கும் பழத்துக்கும் வித்தியாசத்தை ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லாமல் காட்டப் பச்சை வாழைக்காயையும் என் மதிய டப்பாவில் இருந்த மஞ்சள் வாழைப்பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கடைசி மணி நேரத்தில் கடைக்காரரும் வாங்க வந்தவருமாக நடிப்பு. "எனக்கு ரெண்டு தேங்காய் வேண்டும்." வாக்கியத்தில் 'நான்' எங்கே என்று தேடித் தேடி பிரிட்டிஷ்காரர்கள் தவித்தார்கள். ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்த ஒரு பெண் மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஸ்பானிஷிலும் எனக்குப் பிடிக்கும் என்பது அதே அமைப்பு: மே குஸ்தா. பிடிக்கிற பொருள்தான் எழுவாய், நான் வெறும் 'எனக்கு'. என் ஸ்பானிய மாணவர்கள் ஆங்கிலத்தில் 'ஐ லைக்' என்பதைத் தலைகீழாக்கி 'தி ஃபுட்பால் லைக்ஸ் மீ' என்பது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வேலை தேடல். இங்கே பள்ளிக் காலண்டரை ஒட்டித்தான் எல்லாம். செப்டம்பர் முதல் மூன்று வாரத்தில் அகாதெமிகள் மாணவர் சேர்த்து, எத்தனை வகுப்பு என்று தெரிந்து, அவசரமாக ஆள் எடுக்கும். அக்டோபரில் வகுப்பு. ஜனவரியில் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போன சில ஆசிரியர்கள் திரும்பி வராததால் சின்னதாக ஒரு வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் வருஷம் போச்சு. ஏப்ரலில் பயிற்சி முடித்துவிட்டு மே மாதம் பயோடேட்டா அனுப்பினால் பதிலே வராது. தகுதிக் குறைவு காரணம் இல்லை, அப்போது யாருக்கும் ஆள் தேவையில்லை. இன்ஃபோஜாப்ஸ் என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தில் தேடலாம், ஆனால் சின்ன அகாதெமிகள் விளம்பரமே போடுவதில்லை. நேரில் போய் பயோடேட்டா கொடுப்பது இன்னும் நடக்கிற ஊர் இது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகாதீர்கள், பிள்ளைகள் வந்து இறங்கும் நேரம். பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் இயக்குநர் ஓய்வாகக் காபியோடு இருப்பார்.

விளம்பரம் போட்டிருந்தால் அதில் கட்டாயம் ஒரு சொல் இருக்கும்: நாத்திவோ. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் வேண்டும். 2002இலேயே ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விக்கு, வேலை விளம்பரத்தில் இப்படித் தாய்மொழியாளர் என்று கேட்பது ஒன்றியச் சட்டப்படி ஏற்கத்தக்கதில்லை என்று பதில் சொல்லியிருக்கிறது. விளம்பரங்களுக்கு அது தெரியாது. ஒரு நேர்காணலில் அரை மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு இயக்குநர் பெருமூச்சு விட்டார். "உங்கள் ஆங்கிலத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெற்றோர்கள்தான்... வாசலில் உங்களைப் பார்த்தால் எங்கிருந்து வந்தவர் என்று கேட்பார்கள்." அதே வாரம் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் யார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆங்கிலத்தில் பேசுவார், பிறந்தது மான்செஸ்டர், பயிற்சி எதுவும் கிடையாது.

கோபம் இருந்தது. ஆனால் கோபத்தால் வாடகை கட்ட முடியாது. என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' ஏன் அப்படி வருகிறது என்று ஒரு பன்னிரண்டு வயதுக்காரனுக்கு மூன்று வாக்கியத்தில் சொல்ல எனக்குத் தெரியும். நானும் அதைக் கற்றுக்கொண்டவள்தான். 'ஷிப்'புக்கும் 'ஷீப்'புக்கும் ஸ்பானியக் காதில் வித்தியாசமே விழாது. அவர்களுக்கு ஐந்தே உயிர் ஒலி, நீளம் கிடையாது. நமக்கு அரிச்சுவடியின் முதல் பக்கமே குறில் நெடில். கையைத் தட்டி ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று நான் எடுக்கும் அந்தப் பாடத்தை வேறு எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அதனால் அடுத்த நேர்காணல்களில் என் பிறப்பிடத்தைப் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்னால், பி1க்கு அடுத்த நிலையான பி2 தேர்வுக்கு நான் வகுப்பெடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் இங்கே பிரமாணப் பத்திரம் மாதிரி: வாசிப்பும் இலக்கணமும் 75 நிமிஷம், எழுத்து 80 நிமிஷம், கேட்டல் சுமார் 40 நிமிஷம், இருவர் இருவராகப் பேச்சு 14 நிமிஷம், 160 புள்ளி வந்தால் தேர்ச்சி. இந்தத் தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்ய இலக்கணம் தெரிந்த ஆள் தேவை. மான்செஸ்டர்க்காரர்களில் பலர் அந்த வகுப்பைக் கண்டால் ஓடுகிறார்கள். அப்படித்தான் எனக்கு ஒரு கதவு திறந்தது.

சேரும் முன் இன்னொரு காகிதம். 2015ஆம் வருஷச் சட்டப்படி, சிறார்களோடு வேலை செய்பவர் எவரும் பாலியல் குற்றப் பதிவேட்டில் தன் பெயர் இல்லை என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். வெளிநாட்டவர் சொந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அப்புறம் ஸ்பானிய அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு. ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

இப்போது நிஜ வேலை. செல்டா பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கப் பயிற்சி தருகிறது. மாட்ரிட்டில் கிடைக்கும் வேலையில் பாதிக்கு மேல் பிள்ளைகள். மாலை ஐந்து மணிக்கு நாலு வயதிலிருந்து ஆறு வயதுவரை ஒரு கூட்டம், கையில் மெரியெந்தா என்கிற மாலைச் சிற்றுண்டி சாண்ட்விச்சோடு உள்ளே வரும். பள்ளி முடித்து, நீச்சலோ ஜூடோவோ முடித்து, அப்புறம் நான். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை, தூக்கம்தான் தேவை. குரலை உயர்த்தினால் அவர்கள் இன்னும் உயர்த்துவார்கள். நான் கண்டுபிடித்த உபாயம்: சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மைக் குதிரையோடு பேச ஆரம்பிப்பது. என்ன சொல்கிறேன் என்று தெரியாமல் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்காருவார்கள். எந்தப் பயிற்சிக் கட்டணமும் இதைச் சொல்லித்தரவில்லை. திருச்சியில் அங்கன்வாடி நடத்திய என் சித்தி இப்படித்தான் செய்வார்.

ஆறரைக்குப் பதின்பருவத்தினர், எட்டு மணிக்கு பி2 வகுப்பு, ஒன்பதரைக்கு வீடு. காலையில் வேறு வேலை: நிறுவனங்களுக்குப் போய் ஊழியர்களுக்கு வகுப்பு. வட மாட்ரிட்டில் லாஸ் தாப்லாஸ் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். எட்டு மணிக்கு உள்ளே போய் மூன்று மேலாளர்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வர வேண்டும். இந்த வகுப்புகள் இருப்பதற்கே ஒரு காரணம் உண்டு. தொழிற்பயிற்சிக்கென்று சம்பளக் கணக்கில் நிறுவனத்திடம் 0.6 சதவீதமும் ஊழியரிடம் 0.1 சதவீதமும் பிடிக்கிறார்கள். பயிற்சி நடத்தினால் ஃபுண்டாயே என்ற அரசு அறக்கட்டளை வழியாக அதில் ஒரு பகுதியை நிறுவனம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஊழியர் 75 சதவீத வகுப்புக்காவது வந்திருக்க வேண்டும். அதனால் நான் பாடம் எடுத்தேனா இல்லையா என்பதைவிட, கையெழுத்துத் தாள் நிரம்பியதா என்பதில்தான் மனிதவளத் துறைக்கு அக்கறை. வகுப்புக்கு வராமல் கையெழுத்தை மட்டும் பிறகு போடுகிறேன் என்பவர்களும் உண்டு. நான் விடுவதில்லை. அதனால் ஒரு இடத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பேர்.

காலை ஒரு மணி நேரம், பகலில் ஐந்தாறு மணி நேரம் சும்மா, மறுபடி மாலையிலிருந்து ராத்திரிவரை. வேலை நேரம் என்று பார்த்தால் கம்மி. ஆனால் நாள் முழுக்கப் போய்விடும், மெட்ரோவிலும் புறநகர் ரயிலிலும்.

காசைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 24, 25 மணி நேர வகுப்பிருந்தால் கையில் மாதம் 1,200 முதல் 1,500 யூரோ. 2025இல் ஸ்பெயினின் முழுநேரக் குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்குப் பதினான்கு தவணையாக 1,184 யூரோ. அதற்கு மிகத் தள்ளி நாங்கள் இல்லை. மாட்ரிட்டில் ஒரு அறைக்கே 500, 600 போகும். தனிப்பட்ட டியூஷனில் மணிக்கு 15 முதல் 25 யூரோ கிடைக்கும். சட்டப்படி தனியாகத் தொழில் செய்ய ஆட்டோனோமோவாகப் பதிவு செய்ய வேண்டும். முதல் வருஷம் சலுகையில் மாதம் 80 யூரோ சொச்சம் சமூகப் பாதுகாப்புத் தொகை. அடுத்த வருஷங்களில் ஏறும், அப்போது கணக்கு வேறு.

பெரிய ஓட்டை கோடையில். ஜூன் கடைசியோடு வகுப்பு முடியும், ஜூலை ஆகஸ்டில் ஊரே கடற்கரைக்குப் போய்விடும். முன்பெல்லாம் ஒன்பது மாத ஒப்பந்தம் போட்டுவிட்டு ஜூனில் கையைக் கழுவுவார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அகாதெமிகள் 'ஃபிஹோ திஸ்கொன்டினுவோ' என்ற ஒப்பந்தத்துக்கு மாறின. ஓட்டல் ஊழியர்கள், பழம் பொதியும் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இருக்கும் அதே பருவகால நிரந்தர வேலை. கோடையில் வேலை நிற்கும், உறவு நிற்காது. அடுத்த பருவத்துக்கு உங்களைக் கூப்பிட வேண்டியது அவர்கள் கடமை. இடைப்பட்ட மாதங்களுக்கு வேலையின்மை உதவி கேட்கலாம், 360 நாள் பங்களிப்பு சேர்ந்திருந்தால் நாலு மாதம். முதல் வருஷம் சேர்ந்தவருக்குக் கணக்கு நிறைவதில்லை, அந்தக் கோடையைச் சேமிப்பில்தான் ஓட்ட வேண்டும்.

இதில்தான் ஏமாற்றும் நடக்கிறது. நான் வேலை செய்த ஓர் இடத்தில் வாரம் இருபத்துச் சொச்சம் மணி நேரம் வகுப்பு, ஒப்பந்தத்தில் பன்னிரண்டு. மீதிக் காசு உறையில் வரும். மாதாமாதம் காசு வருகிறதே என்று இருந்துவிடலாம். கோடையில் வேலையின்மை உதவி அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தின் கணக்கில்தான் வரும். நோமினா என்கிற சம்பளச் சீட்டை மாதாமாதம் படித்துப் பாருங்கள். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட வைத்துப் படியுங்கள்.

மேலே ஏறும் ஏணியைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல வேலை என்றால் அரசு மொழிப்பள்ளிகள், எஸ்குவேலா ஒஃபிசியால் தெ இதியோமாஸ். முதலாவது மாட்ரிட்டில் 1911இல் தொடங்கியது. போட்டித் தேர்வு எழுதி அரசு ஊழியராகச் சேர வேண்டும், அதற்கு ஐரோப்பியக் குடியுரிமை தேவை. எங்கள் ஆசிரியர் அறையில் மணிலாவிலிருந்து வந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் இரண்டு வருஷம் சட்டப்படி வசித்தால் ஸ்பானியக் குடியுரிமை கேட்கலாம். இந்தியருக்குப் பத்து வருஷம். அவள் இப்போது அந்தத் தேர்வுக்குப் படிக்கிறாள், நான் அவளுக்கு இலக்கணக் கேள்விகளைத் திருத்திக் கொடுக்கிறேன்.

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "அக்கா, செல்டா முடிச்சா வேலை கன்ஃபர்மா?"

"எந்த விசாவுல வர்ற?"

"டூரிஸ்ட் விசாவுல வந்து அங்க மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றார் அக்கா. மூணு லட்சம் கேக்கறார்."

அந்த மூன்று லட்சத்தில் பயிற்சிக் கட்டணமும் கட்டலாம், ஒரு மாத அறை வாடகையும் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏஜென்ட்டை விட்டுவிட்டாள். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைத்தால் படித்துக்கொண்டே வகுப்பெடுக்கலாம், பயிற்சியை முதல் கோடையில் முடித்து செப்டம்பருக்குத் தயாராகிவிடலாம். நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தாள்: காவல்துறைச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பிக்கட்டுமா என்று. வேண்டாம், பழசாகிவிட்டால் ஏற்க மாட்டார்கள், இடம் உறுதியானதும் போடு, டிகிரி சான்றிதழுக்கு மட்டும் இப்போதே அப்போஸ்டில் வாங்கி வை என்று பதில் எழுதினேன்.